கட்டை போட்டாச்சா?

(விமானப் பராமரிப்புப் பொறியாளராக 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதும் பகுதி)

கேள்வி: ஐயா, என் மச்சான் வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் அனுப்பினார். புத்தம்புது ஏர்பஸ் விமானம் ஒரு கான்கிரீட் சுவர்மேல் ஏறி, மூக்கு ஒடிந்து கிடக்கிறது. கூடவே ஒரு செய்தி: "அரபு நாட்டுப் பணியாளர்கள் கையேட்டைப் படிக்காமல் நான்கு இன்ஜினையும் முழு வேகத்தில் ஓட்டினார்கள். எச்சரிக்கை மணி அடித்ததும் அதன் இணைப்பைப் பிடுங்கினார்கள். விமானம் தான் வானத்தில் இருப்பதாக எண்ணிப் பிரேக்கை விட்டுவிட்டது." இது உண்மையா?
— வாசகர், கோவில்பட்டி

பதில்: படம் உண்மை. கதை பொய். எனக்கே இது நாலைந்து தடவை வந்திருக்கிறது. படித்த பிள்ளைகள், அதுவும் இதே துறையில் இருப்பவர்கள் அனுப்பும்போது மனது மிகவும் கஷ்டப்படுகிறது. ஒரு இனத்து மனிதர்கள் மேல் பழியைப் போட்டுவிட்டு, நாம் கற்றுக்கொள்ள வேண்டியதை அந்தச் செய்தி மறைத்துவிடுகிறது.

நடந்தது இதுதான். 2007 நவம்பர் 15. இடம் பிரான்சில் துலூஸ், ஏர்பஸ் தொழிற்சாலை. அபுதாபியின் எதிஹாட் விமான நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டிய ஏ340-600 விமானம். 75 மீட்டர் நீளம், நான்கு ரோல்ஸ்ராய்ஸ் இன்ஜின்கள். முழு விசையில் ஒவ்வொரு இன்ஜினும் சுமார் 25 டன் தள்ளும். ஒப்படைப்பதற்கு முன் தரையிலேயே நிறுத்தி இன்ஜினை ஓட்டிப் பார்ப்பார்கள். அன்று பார்க்க வேண்டியிருந்தது எண்ணெய்க் கசிவு. உள்ளே ஒன்பது பேர். கட்டுப்பாட்டில் இருந்தவர் ஏர்பஸ் நிறுவனத்தின் சொந்தச் சோதனை டெக்னீஷியன். வாங்கும் தரப்பின் ஆட்கள் கூட இருந்தார்கள், ஓட்டியது அவர்கள் இல்லை.

நான்கு இன்ஜின்களையும் ஒரே நேரத்தில் உயர் விசைக்கு ஏற்றினார்கள். முறைப்படி இரண்டு இரண்டாகத்தான் ஏற்ற வேண்டும். சக்கரங்களுக்கு முன்னால் கட்டையும் போடவில்லை. பார்க்கிங் பிரேக் ஒன்றுதான் அத்தனை விசையையும் பிடித்துக்கொண்டிருந்தது. சில நிமிடங்கள் பிடித்தது. பிறகு விமானம் நகரத் தொடங்கியது.

நகர ஆரம்பித்ததிலிருந்து சுவரில் மோதும் வரை 13 விநாடி. இதைப் படிக்கிறவர்கள் ஒரு நிமிடம் கண்ணை மூடி ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை எண்ணிப் பாருங்கள். குறைந்த நேரம் இல்லை அது. இன்ஜின் விசைக் கைப்பிடிகளைப் பின்னால் இழுக்க ஒரு விநாடி போதும். அவர் என்ன செய்தார்? பார்க்கிங் பிரேக்கை விடுவித்துவிட்டுக் காலால் பிரேக் பெடலை மிதித்தார். மூக்குச் சக்கரத்தைத் திருப்பிச் சுவரைத் தவிர்க்கப் பார்த்தார். திடீரென்று வந்த அதிர்ச்சியில் அவருடைய புத்தி முழுக்கப் பிரேக்கிலேயே நின்றுவிட்டது, விசையைக் குறைக்க வேண்டும் என்பது தோன்றவில்லை என்றுதான் பிரெஞ்சு விபத்து விசாரணை அமைப்பான பிஇஏ தன் அறிக்கையில் சொன்னது. சுவர், இன்ஜினின் காற்றைத் திருப்புவதற்காகச் சரிவாகக் கட்டியது. விமானம் அதில் ஏறி, முன்பகுதி மறுபக்கம் ஒடிந்து தொங்கியது. நான்கு பேருக்குப் பலத்த காயம். மோதிய பிறகும் ஒரு இன்ஜினை மணிக்கணக்கில் அணைக்க முடியவில்லை. கட்டளை போகும் கம்பிகள் அறுந்திருந்தன.

அந்த டெக்னீஷியனை நான் குறை சொல்ல மாட்டேன். பிரேக் பிடிக்கவில்லை என்றால் இன்னும் அழுத்தி மிதிப்பதுதான் மனித சுபாவம். கார் ஓட்டும் யாரும் அதைத்தான் செய்வோம். அறிக்கையும் அவரைச் சொல்வதோடு நின்றுவிடவில்லை. ஒப்படைப்புச் சோதனைகளில் முறையிலிருந்து விலகினால் அதைக் கண்டுபிடித்து நிறுத்த ஓர் ஏற்பாடே இல்லை என்றும் சொன்னது. கட்டை இல்லாமல் ஓட்டுவதைத் தடுக்க அங்கே யாரும் இருக்கவில்லை என்பதுதான் இதன் பொருள். உங்கள் மச்சானிடம் அந்தச் செய்தியை அழிக்கச் சொல்லுங்கள். படத்தை வேண்டுமானால் வைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: சார், கட்டை கட்டை என்கிறீர்களே, லாரிக்கு மேட்டில் கல் வைப்பது போலவா? அவ்வளவு பெரிய விமானத்துக்கு ஒரு கட்டை என்ன செய்துவிடும்? பிரேக் இருக்கிறதே?
— லாரி உரிமையாளர், நாமக்கல்

பதில்: உங்கள் டிரைவர்கள் செய்வதேதான். விமானத்துக்குக் கீழே அதைச் 'சாக்' என்போம், எங்கள் ஹெல்ப்பர்கள் 'கட்டை' என்றே சொல்வார்கள். ரப்பரிலோ மரத்திலோ முக்கோணமாக இருக்கும், இரண்டு கட்டைகளைக் கயிற்றால் இணைத்திருப்பார்கள். சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஒட்டி வைக்க வேண்டும்.

பிரேக் இருக்கிறதே என்று கேட்டீர்கள். உங்கள் லாரியில் காற்றுப் போனால் ஸ்பிரிங் வந்து பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். விமானத்தில் நேர்மாறு. அழுத்தம் இருந்தால்தான் பிரேக். ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தம், பெரும்பாலான விமானங்களில் சதுர அங்குலத்துக்கு 3000 பவுண்டு (பிஎஸ்ஐ). இன்ஜின் ஓடும்போது பம்ப் அதைக் கொடுக்கும். இன்ஜின் அணைந்த பிறகு 'அக்குமுலேட்டர்' என்ற ஒரு சேமிப்புக் குடுவைதான். ஏ320-ல் அது நிறைந்திருந்தால் ஏழு முறை பிரேக்கை முழுதாக மிதிக்கலாம், பார்க்கிங் பிரேக்கைக் குறைந்தது 12 மணி நேரம் பிடித்து வைக்கலாம். அதற்குப் பிறகு? மெல்ல மெல்ல இறங்கிவிடும். ராத்திரி நிறுத்திய விமானம் காலையில் அதே பிரேக்கோடு நிற்கும் என்று யாரும் நம்பக் கூடாது.

இன்னொன்று. விமானம் வந்து நின்றதும் பிரேக் கொதித்துக்கொண்டிருக்கும். அதனால் கட்டை போட்டாயிற்று என்று கீழிருந்து சைகை போனதும், பைலட் பல நேரங்களில் பார்க்கிங் பிரேக்கை விடுவித்துவிடுவார், சூடு ஆற வேண்டும் என்பதற்காக. அந்த நேரத்தில் 60, 70 டன் விமானத்தைப் பிடித்திருப்பது உங்கள் கையளவுக் கட்டைதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எனக்கு அப்போது 26 வயது. வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். ஒரு விமானத்தை அது நிற்கும் இடத்திலிருந்து ஹேங்கர் என்ற பராமரிப்புக் கொட்டகைக்கு இழுத்துப் போக வேண்டும். இழுக்கும்போது காக்பிட்டில் ஒருவர் பிரேக் பிடிக்க உட்கார்ந்திருக்க வேண்டும், அன்று அது நான். ஏறியதும் முதலில் அக்குமுலேட்டர் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. முந்தின நாள் ராத்திரி அதே விமானத்தில் நான்தான் பிரேக் பார்த்தேன், அழுத்தம் நன்றாக இருந்தது, அந்த நினைப்பில் உட்கார்ந்துவிட்டேன். ஹேங்கர் வாசலில் லேசான இறக்கம். இழுக்கும் வண்டியான டக்கையும் விமானத்தையும் இணைக்கும் தண்டு டோ பார், அதில் 'ஷியர் பின்' என்று ஒன்று உண்டு, அளவுக்கு மேல் பாரம் விழுந்தால் விமானத்தின் மூக்குக் காலைக் காப்பாற்ற அதுவாகவே முறிந்துவிடும். அது முறிந்தது. டக் தனியே போனது, நாங்கள் தனியே. பெடலை மிதித்தேன். கால் நேராகக் கீழே போனது. எதுவும் இல்லை.

எங்களோடு நடந்து வந்த ஹெல்ப்பர் அண்ணன் ஒருவர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், தோளில் கட்டையைத் தொங்கவிட்டபடிதான் எப்போதும் நடப்பார். இளையவர்கள் நாங்கள் டக்கின் மேல் வையுங்கள் என்று சொன்னாலும் கேட்க மாட்டார். அவர் முதல் கட்டையை எறிந்தார், சக்கரம் அதைத் தாண்டிவிட்டது. ஓடிப்போய் இரண்டாவதை எறிந்தார். நின்றது. ஹேங்கர் கதவின் தூணுக்கும் இறக்கை நுனிக்கும் இடையில் ஒரு ஆள் நிற்கும் இடம் இருந்தது. நான் இறங்கி வந்து அவர் காலைத் தொட்டேன். "அந்தக் கடிகாரத்தைப் பார்த்தியா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அழுத்தமானியைத்தான் அவர் கடிகாரம் என்பார். அன்றிலிருந்து ஓய்வு பெறும் நாள் வரை அதைப் பார்க்காமல் நான் அந்த இருக்கையில் உட்கார்ந்ததில்லை.

கேள்வி: நான் கோலாலம்பூரில் வேலை பார்த்தபோது, சிப்பாங் விமான நிலையத்தில் ஒரு ஜம்போ விமானம் சாக்கடையில் மூக்கைக் குத்தி நின்றதாகப் பேசிக்கொண்டார்கள். பயணிகள் இருந்தார்களா? எப்படி நடந்தது?
— வாசகர், காரைக்குடி

பதில்: பயணிகள் இல்லை. 2001 ஆகஸ்ட் 23. சவுதி அரேபிய விமான நிறுவனத்தின் போயிங் 747-300. ஹேங்கரிலிருந்து பயணிகள் ஏறும் இடத்துக்கு ஒரு தரைப் பொறியாளர் அதன் சொந்த விசையிலேயே ஓட்டி வந்தார். திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை, பிரேக்கும் பிடிக்கவில்லை. மழைநீர் போகும் பெரிய கால்வாயில் இறங்கிவிட்டது. அந்த விமானம் மறுபடி பறக்கவே இல்லை.

747-ல் நான்கு ஹைட்ராலிக் அமைப்புகள், இன்ஜினுக்கு ஒன்று. மூக்குச் சக்கரத்தைத் திருப்புவது ஒன்றாவது அமைப்பு, வழக்கமான பிரேக்குக்கு நான்காவது. அன்று ஓடியது 2-ஆம், 3-ஆம் இன்ஜின்கள் மட்டும். காலி விமானத்தை மெதுவாக நகர்த்த இரண்டு போதும், தவறில்லை. ஆனால் அப்படி ஓட்டும்போது ஒன்று, நான்கு அமைப்புகளுக்கான துணைப் பம்புகளைப் போட்டிருக்க வேண்டும். அவை அணைந்திருந்தன. பிரேக்கில் பழுது எதுவும் இல்லை. அதற்கு எண்ணெய் அழுத்தம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். இரண்டு பொத்தான்.

இதே வகை விபத்து இன்னொன்று அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரில், 2005 மே 10. நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் டிசி-9, கொலம்பஸிலிருந்து பயணிகளோடு வந்தது. வழியிலேயே வலதுபக்க ஹைட்ராலிக் அழுத்தம் போய்விட்டது, ஒரு வால்வில் உலோகக் களைப்பால் விழுந்த விரிசல். அவசரநிலை அறிவித்துப் பத்திரமாக இறங்கினார்கள். பிரேக் வேலை செய்தது, திருப்ப முடிந்தது. எல்லோரும் நிம்மதியானார்கள். கேட்டை நோக்கி வரும்போது கேப்டன் இடது இன்ஜினை அணைத்தார். மிச்சமிருந்த ஒரே ஹைட்ராலிக் பம்ப் அந்த இடது இன்ஜினில்தான் இருந்தது. பிரேக் இல்லை, திருப்பவும் முடியவில்லை. அப்போதுதான் பின்னால் தள்ளிவிட்டிருந்த அதே நிறுவனத்தின் ஏ319-ன் இறக்கைக்கு அடியில் போய்ச் சொருகியது. காக்பிட் நசுங்கியது. யாரும் சாகவில்லை என்பது தெய்வாதீனம். இடது இன்ஜினை அணைத்த முடிவைத்தான் விசாரணை காரணமாகக் காட்டியது.

காற்றில் இருந்தவரை அந்த கேப்டன் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருக்கிறார். சக்கரம் தரையைத் தொட்டதும் ஆபத்து முடிந்தது என்று உடம்பு நினைத்துக்கொள்கிறது. ஹைட்ராலிக் பழுதோடு இறங்கிய விமானத்தை ஓடுபாதையை விட்டு வந்ததும் நிறுத்தி, கட்டை போட்டு, டக்கை வரவழைத்து இழுத்துப் போக வேண்டும். பயணிகளுக்கு அரை மணி தாமதம் ஆகும். ஆகட்டும்.

கேள்வி: வணக்கம் சார். ஏ.எம்.இ. (விமானப் பராமரிப்புப் பொறியியல்) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எல்லா வேலைக்கும் எழுதி வைத்த வழிமுறை இருக்கிறது, இருவர் சரிபார்க்கிறார்கள். பிறகும் ஏன் இப்படி நடக்கிறது?
— மாணவி, குரோம்பேட்டை

பதில்: 2021 ஜூன் 18, லண்டன் ஹீத்ரோ நிகழ்வைப் படித்துப் பாரம்மா, பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை பொதுவில் இருக்கிறது. பிரிட்டிஷ் ஏர்வேஸின் 787-8, சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பழுது தொடர்பான வேலைக்காக, தரையில் நிற்கும்போதே சக்கரக் கைப்பிடியை மேலே தூக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. அப்படித் தூக்கினால் சக்கரம் மடங்கிவிடாமல் இருக்க ஒவ்வொரு காலிலும் பூட்டு ஊசி சொருக வேண்டும். மூக்குக் காலில் ஊசி போகும் துளைக்குப் பக்கத்திலேயே அதே போல இன்னொரு துளை. தலைமை மெக்கானிக்குக் கை எட்டவில்லை. கீழிருந்து கையை நீட்டிக் காட்டினார். ஏறிய சகபணியாளர் பக்கத்துத் துளையில் சொருகிவிட்டார். ஊசி உள்ளே போனது, அதில் கட்டிய சிவப்புப் பட்டை வெளியே தொங்கியது, பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரி. கைப்பிடியைத் தூக்கியதும் மூக்குக் கால் மடங்கி விமானம் முகம் குப்புற விழுந்தது.

அந்தத் தப்பான துளையை அடைத்துவிட வேண்டும் என்று முன்பே உத்தரவு வந்திருந்தது, ஏனென்றால் இதே தவறு ஏற்கெனவே நடந்திருந்தது. செய்து முடிக்க 36 மாத அவகாசம். இந்த விமானத்துக்கு இன்னும் முறை வரவில்லை.

உன் கேள்விக்கு என் பதில்: வழிமுறையில் "ஊசியைச் சொருகவும்" என்று ஒரு வரி இருக்கும். ஏணி உயரமாக இருக்கிறதா, துளை கண்ணுக்குத் தெரிகிறதா, சொருகியவர் இதற்கு முன் சொருகியிருக்கிறாரா என்பதெல்லாம் அந்த வரியில் இராது. சரிபார்க்கிறவர் ஊசியைத் தொட்டு ஆட்டிப் பார்த்தால்தான் சரிபார்த்ததாக அர்த்தம். தரையில் நின்று பட்டையைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதை நீ வேலைக்குப் போகும் இடத்தில் பார்ப்பாய். நீ ஏறிப் போ. நேரமாகிறது என்பார்கள், சின்னப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்றுகூடச் சொல்வார்கள். ஏறிப் போ.

கேள்வி: அண்ணா, என் மகன் விமான நிலையத்தில் தரைப்பணியில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. விமானத்துக்குக் கட்டை போடும் வேலைதான். ராத்திரி ஷிஃப்ட். உங்கள் கட்டுரைகளைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அவனிடம் நான் என்ன சொல்ல வேண்டும்?
— ஒரு தாய், மதுராந்தகம்

பதில்: அம்மா, உங்களைப் பயமுறுத்த நான் எழுதவில்லை. ஆனால் பயமே வேண்டாம் என்று பொய் சொல்லவும் எனக்கு மனது வரவில்லை. 2015 டிசம்பர் 16 அன்று மும்பையில், ஹைதராபாத் புறப்பட்ட ஓர் ஏ319-ஐப் பின்னால் தள்ளிவிடும் வேலை முடியும் தறுவாயில் சைகை தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. கீழே நின்ற டெக்னீஷியன் ஒருவரை ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் இழுத்துக்கொண்டது. அனுபவம் உள்ள மனிதர் அவர். இன்ஜினுக்கு முதுகு காட்டி நின்றிருந்தார் என்று படித்த அன்று நான் சாப்பிடவில்லை, எத்தனை ராத்திரி நானும் அப்படி நின்றிருக்கிறேன்.

உங்கள் மகன் செய்வது சின்ன வேலை இல்லை. கட்டை போடுகிற பையன்தான் விமானத்தை நெருங்கும் முதல் ஆள். அவனிடம் இவற்றைக் கேளுங்கள். விமானம் வந்து நின்றதும் வயிற்றுக்கு அடியிலும் முதுகிலும் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். அது அணையும் வரை, இன்ஜின் சத்தம் அடங்கும் வரை அவன் காத்திருக்கிறானா? அல்லது சூப்பர்வைசர் அவசரப்படுத்துகிறார் என்று முன்னாலேயே ஓடுகிறானா? அவன் தொப்பி, அடையாள அட்டை, காற்றில் பறக்கக்கூடிய எதுவும் தளர்வாக இருக்கிறதா? பைலட் விரல்களை விரித்துக் காட்டி முஷ்டியை மூடினால் பிரேக் போட்டாயிற்று என்று அர்த்தம், அந்தச் சைகையைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போகிறானா, பக்கத்தில் நிற்பவன் சொன்னதை நம்பிப் போகிறானா? தூக்கம் சரியாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். பகலில் தூங்க ஒரு இருட்டறை, ஃபோன் இல்லாமல் ஆறு மணி நேரம், இதை நீங்கள் வீட்டில் செய்து கொடுக்க முடியும்.

கடைசியாக ஒன்று கேளுங்கள். இறங்கும்போது கடுமையாகப் பிரேக் போட்ட விமானத்தின் சக்கரம் நெருப்பாகக் கொதிக்கும். டயர் வெடித்துவிடக் கூடாது என்பதற்காக, சூட்டில் உருகி உள்ளே இருக்கும் நைட்ரஜனை வெளியே விடும் அடைப்பான் ஒன்றைச் சக்கரத்தில் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் சக்கரம் சிதறினால் துண்டுகள் அச்சின் திசையில், பக்கவாட்டில்தான் பறக்கும். அப்படிப்பட்ட சக்கரத்தை எந்தப் பக்கமிருந்து நெருங்குவாய் என்று கேளுங்கள். "முன்னாலிருந்து, இல்லாவிட்டால் பின்னாலிருந்து, பக்கவாட்டில் போகவே மாட்டேன்" என்று அவன் யோசிக்காமல் சொல்ல வேண்டும். தயங்கினான் என்றால் என் விலாசம் இந்தப் பத்திரிகை அலுவலகத்தில் இருக்கிறது. வாரத்தில் எந்த நாளானாலும் சரி, அனுப்பி வையுங்கள். உட்கார வைத்துச் சொல்லித் தருகிறேன்.